ஆகாய விமானத்தில் மைப்பேனா

மைப்பேனா நிறைய மையோடு இருக்கையில் அடக்கமாக எழுதும். மை தீரப்போகும் தறுவாயில்தான் கக்கும். இதை நம் பள்ளியில் அறியாத மாணவி இருக்க முடியாது. பரீட்சை மண்டபத்தில், அதுவும் கடைசி அரைமணி நேரத்தில், விடைத்தாளின் நடுவே பொட்டு வைத்தாற்போல ஒரு துளி விழும். அருகில் இருப்பவளிடம் கண்ணாலேயே சாக்பீஸ் துண்டு கேட்போம். மை அதிகமாக இருக்கும்போது ஒழுகாத பேனா, குறைந்தபின் ஏன் ஒழுக வேண்டும்? பார்த்தால் விந்தையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டால், அதே பேனாவை ஆகாய விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில், பேனாவுக்குள் மை எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். வேதியியல் ஆய்வுக் கூடத்தில் பிப்பெட்டின் மேல்வாயை விரலால் மூடித் தூக்கினால் உள்ளே உள்ள திரவம் கீழே விழுவதில்லை. விரலை எடுத்ததும் சர்ரென்று இறங்கிவிடும். மைப்பேனாவும் இத்தகைய பிப்பெட்தான். அதன் பின்பக்கம் அடைபட்டிருக்கிறது. உள்ளே மைக்கு மேலே சிறிதளவு காற்று சிறைப்பட்டிருக்கிறது. அந்தக் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக இருப்பதால், வெளிக்காற்று மையைக் கீழே விழாமல் தாங்கிக் கொள்கிறது. நிப்பின் அடியில் உள்ள கறுப்புக் கட்டையில் மெல்லிய வாய்க்கால்கள் கீறப்பட்டிருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த வாய்க்கால்களின் வழியே மை நிப்புக்கு வருகிறது. வந்த மைக்கு ஈடாக ஒரு காற்றுக் குமிழி அதே கட்டை வழியாக உள்ளே போகிறது. மை வர, காற்றுப் போக, இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடக்கும்படி கட்டையைச் செதுக்கி அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றது 1884ஆம் ஆண்டில்.

எனவே பேனாவைத் தொல்லைப்படுத்துவது மை அன்று, காற்று. மை தீரத் தீர உள்ளே காற்று கூடுகிறது. நம் கைச்சூடு பட்டு அந்தக் காற்று விரிகிறது. விரிந்த காற்றுக்கு வேறு வழி இல்லை. மையைத் தள்ளிக்கொண்டு நிப்பின் வழியாகத்தான் வரவேண்டும். பில்லர் வைத்து மை ஊற்றும் நம் நாட்டுப் பேனாக்களில் உடல் முழுவதுமே மைக்கூடு ஆதலால், காற்றும் அதிகம், கக்கலும் அதிகம்.

காற்று விரிவதற்குச் சூடு ஒரு காரணம். வெளி அழுத்தம் குறைவது இன்னொரு காரணம். விமானத்தில் நடப்பது இந்த இரண்டாவது.

உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும் என்பது இன்று நமக்குப் பாடநூலில் ஒரு வரி. ஒரு காலத்தில் அதை மெய்ப்பிக்க ஒரு மலையே ஏற வேண்டியிருந்தது. பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் உடல்நலம் குன்றியவர். ஆகவே தம் அக்காள் கணவரான பெரியே என்பவரை வேண்டிக்கொண்டார். 1648 செப்டம்பர் 19ஆம் நாள் பெரியே பாதரசக் குழாயுடன் பூய் தெ தோம் என்னும் மலையில் ஏறினார். புறப்படும் முன் அதே போன்ற இன்னொரு குழாயை அடிவாரத்து நகரில் மினிம் சபைத் துறவிகளின் மடத்துத் தோட்டத்தில் நிறுத்திவைத்து, அதைக் கவனிக்க ஒரு துறவியை அமர்த்திவிட்டுப் போனார். மலையுச்சியில் பாதரசம் 8 செ.மீ.க்கு மேல் இறங்கிவிட்டது. மடத்துக் குழாயிலோ காலை முதல் மாலைவரை ஒரு மாற்றமும் இல்லை. மலை ஏறியவரின் பெயரை நூல்கள் விடாமல் சொல்கின்றன. நாள் முழுவதும் அசையாத பாதரசத்தைப் பார்த்துக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்திருந்த அந்தத் துறவி இல்லாவிட்டால் சோதனைக்கே மதிப்பில்லை என்பது என் எண்ணம்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1662இல், ராபர்ட் பாயில் தம் விதியை வெளியிட்டார். வெப்பநிலை மாறாதபோது ஒரு குறிப்பிட்ட அளவு வாயுவின் அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதத்தில் இருக்கும். நாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் அதே விதிதான். ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு குமிழி காற்றும் எடுத்து, நுனியை விரலால் அடைத்துப் பின்தண்டை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் அப்படியே இருக்கும். குமிழி மட்டும் ஊதிப் பெருக்கும். விதி கண்ணுக்கு முன்னே நடப்பதைப் பார்க்கலாம்.

கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்றவர்கள் இதை அனுபவித்தே இருப்பார்கள். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மலைமேல் போய்ச் சேரும்போது தலையணைபோல உப்பிவிடுகிறது. காது அடைக்கிறது, மிட்டாய் சப்பினால் பட்டென்று திறக்கிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் நிற்கும் பாதரசம் அங்கே சுமார் 590 மில்லிமீட்டர்தான் நிற்கும்.

விமானம் 35,000 அடியில் பறக்கிறதே, அங்கே என்ன ஆகும்? வெளியே அழுத்தம் 180 மில்லிமீட்டர் அளவே இருக்கும். மனிதர் மூச்சுவிட்டு உயிர்வாழ அது போதாது. ஆகவே எந்திரங்கள் காற்றை உள்ளே அழுத்தி, பயணிகள் இருக்கும் அறையின் அழுத்தத்தை உயர்த்தி வைக்கின்றன. இவ்வாறு அழுத்தம் நிரப்பிய பயணி விமானம் முதன்முதலில் ஓடத் தொடங்கியது 1940இல். அதற்காக உள்ளே கடல் மட்டத்து அழுத்தம் முழுவதையும் வைப்பதில்லை. அப்படி வைத்தால் விமானத்தின் உடலை இன்னும் கனமாகக் கட்டவேண்டி வரும். சாதாரணமாகப் பறக்கையில் அறையின் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதைவிடக் குறையக்கூடாது என்பது விதி. புதிய வகைகளான போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் இது 6,000 அடியளவில் வைக்கப்படுகிறது. சுருங்கச் சொன்னால், விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் அதற்குள் இருப்பவர்கள் ஒரு கொடைக்கானலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பேருந்தில் மணிக்கணக்காக ஏறும் மலையை விமானத்தில் இருபது, முப்பது நிமிடங்களில் ஏறிவிடுகிறோம். அவ்வளவுதான் வேறுபாடு.

இனிப் பாயில் விதியைப் பேனாவுக்குப் போடுவோம். தோழியர் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். 3 மில்லி மை பிடிக்கும் பில்லர் பேனா ஒன்று. அதில் பாதி மை, பாதி காற்று. அதாவது காற்று 1.5 மில்லி. தரையில் அழுத்தம் 760. 8,000 அடியில் 565. ஆகவே காற்றின் புதிய கனஅளவு 760 × 1.5 ÷ 565. விடை ஏறக்குறைய 2 மில்லி. கூடிய அரை மில்லி காற்று, அரை மில்லி மையை வெளியே தள்ளும். இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால் பத்துச் சொட்டு. ஒரு வெள்ளைச் சட்டைக்குப் பத்துச் சொட்டு மை தாராளம்.

அதே பேனாவைக் கழுத்துவரை நிரப்பினால்? காற்று 0.2 மில்லி இருக்கிறது என்று கொள்வோம். அது விரிவது 0.07 மில்லிதான். ஒன்றரைச் சொட்டுக்கும் குறைவு. பேனாவில் மையே இல்லாவிட்டால் கவலையே இல்லை. காற்று வந்து போகும்.

நிறைந்த பேனாவும் நல்லது, வெற்றுப் பேனாவும் நல்லது என்றால், எல்லாவற்றிலும் கெட்டது எது? பாதிப் பேனா என்றுதான் யாரும் சொல்வார்கள். கணக்கு வேறு சொல்கிறது. மையின் அளவை ‘க’ என்று கொண்டால் காற்று 3 – க. அது விரிவது தன்னில் 0.345 பங்கு. இருக்கும் மைக்கு மேல் எந்தப் பேனாவும் கக்க முடியாது அல்லவா? எனவே விரியும் காற்றும் இருக்கும் மையும் சமமாகும் இடத்தில்தான் கக்கல் மிக அதிகம். க = 0.345 × (3 – க) என்று சமன்பாடு எழுதித் தீர்த்தால் க = 0.77 மில்லி என்று வருகிறது. அதாவது கால் பங்கு மையுள்ள பேனாதான் பெரும் பொல்லாதது. அது தன்னிடம் உள்ள பதினைந்து சொட்டையும் கக்கித் தீர்த்துவிடும்! பாதிப் பேனா பத்துச் சொட்டோடு நிற்கிறது. எங்கள் இயற்பியல் ஆசிரியையான சிஸ்டர் இந்தக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நிப்பின் அடிக்கட்டையில் சீப்புப் பல் போன்ற வெட்டுகள் இருக்குமானால், தள்ளப்படும் முதல் ஓரிரு சொட்டுகளை அந்த வெட்டுகளே பிடித்து வைத்துக்கொள்ளும். 1941இல் வெளிவந்த பார்க்கர் 51 பேனாவில் இத்தகைய வெட்டுகள் நெருக்கமாக அமைந்திருந்தன. பழைய நாட்டுப் பேனாக்களின் கட்டையில் அவை மிகச் சில.

இந்தக் கணக்கை நான் போட நேர்ந்தது என் சித்தியை முன்னிட்டு. சித்தி செவிலியர். குவைத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்துச் சென்ற ஆண்டு புறப்பட்டார்கள். காலஞ்சென்ற தாத்தா தமிழாசிரியராக இருந்தவர். அவருடைய கறுப்பு எபோனைட் பேனா சித்தியிடம் இருக்கிறது. வேலையில் சேரும் நாளில் அந்தப் பேனாவால்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்பது சித்தியின் ஆசை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆகாயத்தில் மைப்பேனா வெடித்துவிடும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பெரிய பெட்டிக்குள் துணியோடு சுருட்டி வைத்துவிடு என்றார் மாமா. அம்மாவோ பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்றார்கள். அம்மா சொன்னதற்குக் காரணம் இருந்தது. கைப்பையில் பேனா இருக்கும் அதே இடத்தில்தான் செவிலியர் படிப்புச் சான்றிதழும், பதிவுச் சான்றிதழும், முத்திரையிட்ட நகல்களும் இருக்கும். ஒரு முத்திரைமேல் மை கொட்டினால், திரும்ப வாங்க எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும்! அதற்குள் வேலை காத்திருக்குமா?

பேனா வெடிக்காது. நிப்பு என்ற வாசல் திறந்தே இருக்கையில் அது வெடிக்க வழியில்லை. பெட்டிக்குள் வைப்பதாலும் பயனில்லை. பயணிகள் விமானத்தில் சரக்கறையும் அதே அழுத்தத்தில்தான் இருக்கிறது. அங்கே போன பெட்டி தலைகீழாகக் கிடந்தாலும் கேட்பாரில்லை. கழுவிக் காயவைத்து வெறுமையாகக் கொண்டுபோவதே எல்லாவற்றிலும் பத்திரம். ஆனால் பறக்கும்போதே அம்மாச்சிக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று சித்தி பிடிவாதமாக இருந்ததால், நிரப்பிக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று.

புறப்படும் காலையில் பேனாவைக் கழுத்துவரை நிரப்பினோம். நிறைந்த பேனாவில் கழுத்தைத் திருகி மூடும்போது மிகுதி மை நிப்பின் வழியே பொங்கும். ஆகவே கை கழுவும் தொட்டியின் மேல் வைத்துத்தான் மூடவேண்டும். திருகு மரையில் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டுத் தடவினால் அவ்வழியே கசியாது. பிறகு பேனாவை மைஒற்றும் தாளில் சுற்றி, பாலித்தீன் உறைக்குள் போட்டு, சான்றிதழ்க் கோப்பிலிருந்து பிரித்துச் சிறு பையில் நிறுத்தினோம். விமானம் மேலே ஏறும் நேரம் முழுதும் அந்தப் பை சித்தியின் முன்னிருக்கையின் பின்புறப் பையில் செங்குத்தாக இருந்தது. பதினைந்து நாளில் அம்மாச்சிக்குக் கடிதம் வந்தது, தாத்தாவின் பேனா எழுத்தில். மூடியின் உள்ளே ஒரு பொட்டு மை இருந்ததாகவும், துடைத்துவிட்டு எழுதியதாகவும் சித்தி குறிப்பிட்டிருந்தார்கள். கைப்பேசியில் நாள்தோறும் பேசினாலும், அம்மாச்சி தலையணைக்கு அடியில் வைத்திருப்பது அந்தக் கடிதத்தைத்தான்.

செங்குத்தாக என்றேனே, எந்த முனை மேலே இருக்கவேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. நிப்பு மேலே பார்க்க வேண்டும். அப்போது மை அடியில் தங்கும். காற்று நிப்பின் பக்கம் வந்துவிடும். விரியும் காற்று மையைத் தொடாமலே கட்டையின் வாய்க்கால் வழியே வெளியேறிவிடும். கட்டையில் முன்பே ஊறியிருந்த சிறிது மை மட்டும் மூடிக்குள் தெறிக்கலாம். நிப்பு கீழே இருந்தாலோ காற்றுக்கும் வாசலுக்கும் நடுவே மை மாட்டிக்கொள்கிறது. எனவே நிரப்ப வசதி இல்லாதவர்கள் நிப்பை மேலே வைப்பதையாவது விடக்கூடாது.

விமானம் ஏறும்போது மூடியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. உயரத்தை எட்டி நேராகப் பறக்கத் தொடங்கியபின் அறையின் அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை. அப்போது நிப்பு மேலே பார்த்தபடி மூடியைத் திறந்து, துடைத்துவிட்டு, தாராளமாக எழுதலாம். இறங்கும்போது எல்லாம் தலைகீழ். வெளி அழுத்தம் கூடுகிறது; பேனாவுக்குள் காற்றுச் சுருங்குகிறது; வெளிக்காற்று உள்ளே போகிறது. ஆகவே இறங்குகையில் பேனா கக்குவதில்லை. மேலே குடித்து முடித்து மூடிய தண்ணீர்ப் போத்தல், தரையிறங்கியதும் யாரோ கசக்கிப் போட்டதுபோல நெளிந்து கிடப்பதும் இதனாலேயே.

மைக்கூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 2006ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் கொண்டுபோகும் திரவம் பொதுவாகக் கூடொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் போகக்கூடாது. 60 மில்லி மைக்கூடு அதற்குள் அடங்கும். மூடியை இறுக்கி, உறைக்குள் உறையாகப் போட்டால் போதும். திறக்காத மைக்குப்பிகளைச் செருகி எழுதும் பேனா வைத்திருப்போர் பாக்கியசாலிகள்.

இவ்வளவு தொல்லை பந்துமுனைப் பேனாவுக்கு ஏன் இல்லை? அதன் மைக்குழாயின் பின்முனை திறந்தே இருக்கிறது. பல பந்துமுனைப் பேனாக்களின் உடலில் ஒரு சிறு துளையும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அன்று. வெளி அழுத்தம் மாறும்போது உள் அழுத்தமும் உடனே மாற அது வழி. மையும் பசைபோலக் கெட்டியானது. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேய விமானப் படையினருக்கு பீரோ என்பவரின் பந்துமுனைப் பேனா வழங்கப்பட்டதற்கு, உயரத்தில் மைப்பேனா ஒழுகியதே காரணம். அப்படியானால் மைப்பேனாவிலும் ஒரு துளை போட்டுவிடலாமே என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். போட்டால் பிப்பெட்டில் விரலை எடுத்த கதைதான். தண்ணீர்போன்ற மை முழுவதும் மேசைமேல் வந்துவிடும்.

துளைக்குப் பதிலாகச் சிலர் கதவு வைத்தார்கள். 1905இல் இங்கிலாந்தில் வந்த ஓனோட்டோ பேனாவில் பின்முனைத் திருகை இறுக்கினால், உள்ளே ஒரு தண்டு முன்னேறிச் சென்று மைக்கூட்டுக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள வழியை அடைத்துவிடும். இந்த முறை ஜப்பானியர்களுக்குப் பிடித்துப்போய், அங்கே பில்லர் பேனாக்களிலும் வைத்தார்கள். இன்றும் பைலட் நிறுவனத்தின் சில பேனாக்களில் அது உண்டு. விலைதான் நம் கைக்கு எட்டாது. காற்று விரிந்தாலும் கதவு அடைத்திருப்பதால் மை வெளியே வராது. கட்டையில் ஊறியிருப்பது மட்டும் எழுதும். அத்தகைய பேனாவுடன் பயணம் செய்த உறவினர் யாரேனும், ஊர் சேர்ந்து ஒரு பக்கம் எழுதுவதற்குள் பேனா வறண்டுவிட்டது என்று உங்களிடம் குறைப்பட்டால், நிப்பைக் கழற்ற விடாதீர்கள். பின்முனைத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள்.